துவண்ட காலிலிருந்து ஆய்வகம் வரை: போலியோ கண்காணிப்பில் மல மாதிரி எடுக்கும் முறை

15 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் கையோ காலோ திடீரெனப் பலமிழந்து துவண்டு போனால், காரணம் எதுவானாலும் உடனே அறிவியுங்கள். கில்லன்-பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) என்று மருத்துவருக்கு உறுதியாகத் தெரிந்தாலும், ஊசி போட்டதில் நரம்பு அடிபட்டது போலத் தோன்றினாலும் அறிவிக்கத்தான் வேண்டும். 15 வயதைத் தாண்டியவரானால், மருத்துவர் போலியோ என்று சந்தேகித்தாலே போதும். படுக்கையருகிலேயே "இது போலியோ இல்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுவதால்தான் நோயாளிகள் தவறிப்போகிறார்கள். தீர்ப்பு ஆய்வகத்துடையது.

போலியோ அறவே இல்லாத இடத்திலும் இப்படிப்பட்ட தளர்வாதம் வந்துகொண்டே இருக்கும். 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவராவது கண்ணில் பட வேண்டும் என்பது குறைந்தபட்ச அளவு. ஐந்து லட்சம் பிள்ளைகள் உள்ள பகுதியில் ஆண்டு முழுவதும் ஒருவர்கூடச் சிக்கவில்லை என்றால் தேடல் நடக்கவில்லை என்றே பொருள். ஆகவே வாராவாரம் அறிக்கை போக வேண்டும். ஒருவரும் இல்லையென்றால் 'பூஜ்யம்' என்று எழுதியே அனுப்புங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது குழந்தைகள் பிரிவோடு திரும்பிவிடாமல் பிசியோதெரபி பதிவேட்டையும் புரட்டுங்கள். "நடக்கவில்லை", "கால் பலவீனம்" போன்ற வரிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தகவல் வந்த 48 மணி நேரத்துக்குள் பிள்ளையை நேரில் பாருங்கள். முதலில் உறுதிசெய்ய வேண்டியது பலம் போன தேதி. "எப்போதிலிருந்து உடம்பு சரியில்லை?" என்று கேட்டால் அம்மா காய்ச்சல் வந்த நாளைச் சொல்வார். "கடைசியாக என்றைக்குத் தானாக எழுந்து நின்றான்?" என்று கேளுங்கள். பின்னால் போடும் நாள் கணக்கெல்லாம் இந்தத் தேதியிலிருந்துதான். இது பிசகினால் எல்லாம் பிசகும்.

அந்தத் தேதியிலிருந்து 14 நாளுக்குள் இரண்டு மல மாதிரிகள் வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 24 மணி நேரம். போலியோ வைரஸ் மலத்தில் விட்டுவிட்டுத்தான் வெளிவரும், அதனால் ஒன்று ஏமாற்றினாலும் மற்றொன்றில் அகப்படலாம். 14 நாள் கடந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், 60 நாள் வரை எடுக்கலாம்; கிடைக்கும் வாய்ப்புதான் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு மாதிரியும் பெரியவர் கட்டைவிரல் அளவு, சுமார் 8 கிராம். சுத்தமான, உலர்ந்த, திருகுமூடி போட்ட டப்பா போதும். ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தை ஊற்றாதீர்கள், வைரஸ் செத்துவிடும். கிருமிநாசினி பட்ட பாத்திரத்திலிருந்தும் எடுக்காதீர்கள். பெயர், நோயாளி எண், முதல் மாதிரியா இரண்டாவதா, எடுத்த தேதி ஆகியவற்றைத் தண்ணீரில் அழியாத பேனாவால் டப்பாவின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறும்போது பிள்ளையே மாறிவிடும்.

மூடியை இறுக்கி, பஞ்சு வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, நன்றாக உறைந்த ஐஸ் பேக்குகளுக்கு நடுவே குளிர்பெட்டியில் வையுங்கள். எடுத்த நொடியிலிருந்து ஆய்வக வாசல் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். மாதிரியோடு போகும் நோயாளி விவரப் படிவத்தைத் தனிப் பையில் வையுங்கள். ஐஸ் உருகி எழுத்து கரைந்த படிவத்தை வைத்து ஆய்வகம் எதுவும் செய்ய முடியாது. எடுத்த 72 மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். முடியாதென்று தெரிந்தால் மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்து, உறைந்த நிலையிலேயே அனுப்புங்கள். வழியில் உருகி மறுபடி உறைவது வைரஸுக்குக் கேடு. மாதிரி சுமந்த பெட்டியில் அதற்குப் பிறகு ஒருபோதும் தடுப்பூசி வைக்கக் கூடாது. வெளிப்புறத்தில் பெரிதாக எழுதி ஒதுக்கிவிடுங்கள்.

மாதிரி தாமதமானாலோ, அளவு குறைந்தாலோ, குளிர்ச்சி இழந்து போய்ச் சேர்ந்தாலோ, 60 நாள் கழித்து அதே பிள்ளையை மறுபடி பார்த்து, பலவீனம் மிச்சமிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். வேலைக்காக இடம்மாறும் குடும்பங்களை அப்போது தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் முதல் நாளிலேயே வீட்டு முகவரியோடு, உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும், அடுத்துப் போகப்போகும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.