ரைஃபிள் ஸ்கோப்பின் குவியத் தளம்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரைஃபிளின்மேல் பொருத்தும் தொலைநோக்கிக் குறிபார்ப்பானாகிய ஸ்கோப்பில், முதல் குவியத் தள வகையை வாங்குவதா, இரண்டாம் குவியத் தள வகையை வாங்குவதா என்ற கேள்வியைப் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் இரண்டு தரப்பினர் கேட்கின்றனர். ஏர் ரைஃபிளில் இலக்குப் பயிற்சி செய்யும் உள்ளூர் இளைஞர்கள் ஒரு தரப்பு. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வழிவந்து, இன்று பிரான்சில் வேட்டை உரிமத்துடன் காட்டுப்பன்றி வேட்டைக்குச் செல்பவர்கள் மற்றொரு தரப்பு. இருவரின் தேவையும் வேறு என்பதால், ஒருவருக்கு ஏற்ற ஸ்கோப் மற்றவருக்குப் பொருந்தாது.

ஸ்கோப்பே தேவையா என்று பார்க்காமல் வாங்கிவிடுவது முதல் தவறு. மாவட்ட, மாநிலப் போட்டிகளை எண்ணி 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிலும் மாணவருக்கு ஸ்கோப் பயன்படாது. சர்வதேச விதிகளின்படி 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் தொலைநோக்கிக் குறிபார்ப்பான் அனுமதிக்கப்படுவதில்லை. அவர் சிறு துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட்டில்தான் பழக வேண்டும். அதேபோல், வேட்டைக்கென்று இங்கே ஸ்கோப் வாங்குவதற்கும் இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. பயிரை அழிக்கும் பன்றியாக இருந்தாலும், உரிய அனுமதியின்றித் தனியாள் சுடுவது குற்றமே. ஆகவே இக்கட்டுரையில் வேட்டை என்று வருமிடமெல்லாம், அது சட்டப்படி நடக்கும் நாடுகளையே குறிக்கும்.

உருப்பெருக்கத்தை மாற்றும் வில்லைத் தொகுதிக்கு முன்னால், பொருளருகு வில்லையின் பக்கம் ரெட்டிக்கிள் (குறிவைப்பதற்காகக் காட்சியில் தெரியும் கோடுகளும் குறிகளும்) அமைந்திருந்தால் அது முதல் குவியத் தளம். அத்தொகுதிக்குப் பின்னால், கண்ணருகு வில்லையின் பக்கம் அமைந்திருந்தால் அது இரண்டாம் குவியத் தளம். முன்னதில் காட்சி பெரிதாகும்போது கோடுகளும் சேர்ந்து பெரிதாகின்றன. ஆகவே ஒரு மில் (தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் கோண அலகு) குறி எந்த உருப்பெருக்கத்திலும் 100 மீட்டரில் 10 செ.மீ., 50 மீட்டரில் 5 செ.மீ. என்றே அளக்கும். பின்னதில் காட்சி மட்டுமே மாறும், கோடுகள் மாறா. ஆகவே குறிகளின் அளவு ஒரேயொரு உருப்பெருக்கத்தில்தான், பெரும்பாலும் உச்ச அளவில்தான், சரியாக இருக்கும்.

நான் கண்டவரை பெரும்பாலான பிழைகள் இந்தக் கடைசிச் செய்தியை மறப்பதால் விளைகின்றன. நம் கடற்கரையில் அதை மறப்பதற்கான சூழல் தானாகவே அமைந்துவிடுகிறது. கத்திரி வெயில் நாட்களில் முற்பகலிலேயே தரையிலிருந்து கானல் எழும்பி, 16 மடங்கில் இலக்கு நீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். அதைத் தாங்காமல் சுடுபவர் உருப்பெருக்கத்தை 8-க்குக் குறைக்கிறார். சற்றைக்கெல்லாம் கடற்காற்றும் வீசத் தொடங்குகிறது. 50 மீட்டரில் பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) 5 செ.மீ. விலகும் என்று கணித்து, வழக்கம்போல் ஒரு மில் குறியை ஒதுக்கி, அதாவது இலக்கிலிருந்து அந்த அளவு காற்று வரும் பக்கம் தள்ளி, குறிவைக்கிறார். ஆனால் 16 மடங்கில் சரியாக அளக்கும் இரண்டாம் குவியத் தள ஸ்கோப்பில், 8 மடங்கில் அந்தக் குறி இரண்டு மில்லாகிவிடும். அவர் ஒதுக்கியது 5 அல்ல, 10 செ.மீ. பெல்லட் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறம் 5 செ.மீ. தள்ளி விழ, அவர் பெல்லட்டையும் காற்றையும் மாறிமாறிச் சந்தேகிக்கிறார். உருப்பெருக்கத்தை அடிக்கடி மாற்றி, குறிகளைக் கொண்டே ஒதுக்கிச் சுடுபவருக்கு முதல் குவியத் தளம் உண்மையிலேயே உதவுவது இங்கேதான்.

இலக்குத்தாளில் இந்தப் பிழை சில புள்ளிகளோடு போகும். வேட்டையில் அப்படிப் போகாது. 150 மீட்டரில் ஒரு மில் என்பது 15 செ.மீ. பாதி உருப்பெருக்கத்தில் அதே குறியை நம்பினால் குண்டு 15 செ.மீ. விலகும். விலங்கின் உயிர்நிலை ஒரு சாண் அகலமே என்பதால், காயம்பட்ட உயிர் தப்பியோடிப் புதருக்குள் துன்புற்றுக் கிடக்க இந்த விலகல் போதும். இரண்டாம் குவியத் தள ஸ்கோப்பை வைத்திருப்பவர், குறிகளால் ஒதுக்கிச் சுடும்போது உரிய உருப்பெருக்கத்தில்தான் சுட வேண்டும். அது கூடாதபோது சுடாமல் விட வேண்டும்.

இதைக் கேட்டு, "அப்படியானால் எல்லாருக்கும் முதல் குவியத் தளமே நல்லது" என்ற முடிவுக்குப் போவதும் தவறு. பிரான்சில் விலங்குகளை விரட்டி நடத்தும் பன்றி வேட்டையில் தூரம் குறைவு, நேரம் சில நொடி. 1 முதல் 6 மடங்கு வரையிலான ஸ்கோப்பைப் பெரும்பாலும் கீழ் அளவிலேயே வைத்திருப்பார்கள். முதல் குவியத் தள ரெட்டிக்கிள் கீழ் அளவில் மெலிந்து, அந்தி வெளிச்சத்தில் கரிய உடலின்மீது கண்ணுக்கே படாமல் போகலாம். அங்கே தடித்த கோடும் ஒளிரும் புள்ளியும் கொண்ட இரண்டாம் குவியத் தளமே என் தேர்வு. ஒதுக்கிக் குறிவைக்கும் தேவையே எழாத இடத்தில், குறிகள் எல்லா அளவிலும் சரியாக இருப்பதனால் ஒரு பயனும் இல்லை.

ஒரே தூரத்தில் சிறிய இலக்கைச் சுடுபவருக்கும் இது பொருந்தும். முதல் குவியத் தளத்தில் உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்டக் கோடு இலக்கை அதிகமாக மறைக்கும் என்று சிலர் சொல்வது சரியல்ல. இலக்கும் கோடும் சேர்ந்தே வளர்வதால் மறையும் பகுதி மாறுவதில்லை. 0.04 மில் தடிமனுள்ள கோடு 50 மீட்டரில் எப்போதும் 2 மி.மீ. மறைக்கும். இரண்டாம் குவியத் தளத்திலோ உருப்பெருக்கம் இரட்டித்தால் மறையும் பகுதி பாதியாகிறது. 50 மீட்டர் ரைஃபிள் இலக்கின் பத்தாம் வளையம் 10.4 மி.மீ. விட்டமே என்பதை நினைத்தால், அந்த மெல்லிய கோட்டின் அருமை புரியும்.

குறிவைக்கும் புள்ளியை நகர்த்தும் குமிழாகிய டரட்டைத் திருப்பும்போது, ஒவ்வொரு படிக்கும் கிடைக்கும் கிளிக் அளவும் உருப்பெருக்கத்தோடு மாறும் என்று அஞ்சி அதிக விலை கொடுப்பவர்களும் உண்டு. 0.1 மில் கிளிக் இருவகை ஸ்கோப்பிலும், எந்த உருப்பெருக்கத்திலும் 0.1 மில்தான், குறிகளை நம்பாமல் டரட்டைத் திருப்பியே திருத்துபவருக்குக் குவியத் தளம் ஒரு பொருட்டல்ல. கண்ணை அசைத்தால் குறி இலக்கின்மீது நகர்வதுபோல் தோன்றும் இடமாறு தோற்றப் பிழையையும் குவியத் தளம் நீக்காது. அதற்குத் தனிச் சரிசெய்வான் வேண்டும். 100 மீட்டருக்கென்று நிலைப்படுத்தப்பட்ட ஸ்கோப்பை 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பொருத்தினால், இரண்டில் எது இருந்தாலும் காட்சி மங்கலாகவே இருக்கும். மில் ரெட்டிக்கிளோடு, வேறு கோண அலகான எம்ஓஏ-வில் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) திரும்பும் டரட் இணைந்த ஸ்கோப்பையும் தவிர்க்கலாம்.

இரண்டாம் குவியத் தளத்தைத் தேர்ந்தவர், உருப்பெருக்க வளையத்தில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஓர் அட்டையில் 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் வரைந்து, அளவுநாடாவால் அளந்து 50 மீட்டரில் நிறுத்தி, ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் வைத்து ஸ்கோப் வழியே பார்க்க வேண்டும். ஒரு மில் இடைவெளி அந்த இரு கோடுகளோடும் ஒன்றும்படி வளையத்தைத் திருப்பினால், அந்த நிலையே உங்கள் ஸ்கோப்பின் சரியான உருப்பெருக்கம். அது அச்சிட்ட எண்ணுக்குச் சற்று முன்னோ பின்னோ அமைந்தால், வளையத்தில் அந்த இடத்தில் வெள்ளை வண்ணத்தால் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொண்டு, குறிகளால் ஒதுக்கும்போதெல்லாம் அந்தப் புள்ளிக்குத் திருப்பிய பிறகே சுடலாம்.