ஃப்ளைட் சிமுலேட்டருக்கு லேப்டாப் வாங்குறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 ஓட்டணும்னு லேப்டாப் தேடுறவங்க நிறைய பேர் என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டுன்னு ஸ்டிக்கரைப் பார்த்ததுமே காசை எடுத்து நீட்டிடுறாங்க. டெஸ்க்டாப் 4070ல கிராஃபிக்ஸ் மெமரி 12 ஜிபி, லேப்டாப்ல அதே பேர்ல வர்றதுல 8 ஜிபிதான், உள்ள இருக்குற சிப்பே வேற. 4090லயும் அப்படித்தான், அங்க 24, இங்க 16. அதனால டெஸ்க்டாப்ல ஓடுற வீடியோவைப் பார்த்துட்டு நம்ம லேப்டாப்லயும் அப்படியே ஓடும்னு நம்பிடாதீங்க.

இதைவிட முக்கியம் வாட், அதாவது அந்த கார்டு எவ்வளவு பவர் எடுக்க விட்டிருக்காங்கங்குறது, இதை யாருமே கேக்குறதில்லைங்குறதுதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். 4060 லேப்டாப் கார்டுக்கு என்விடியா குடுத்திருக்குற அளவு 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும், அதாவது பேர் ஒண்ணு, மெமரி ஒண்ணு, ஆனா மெலிசா அழகா இருக்குற மாடல்ல சூடு தாங்காதுன்னு வாட்டைக் குறைச்சு வச்சிருப்பாங்க, கொஞ்சம் தடியா ஃபேன் பெருசா இருக்குறதுல முழுசா விட்டிருப்பாங்க. ஸ்பெக்ல இந்த வாட்டை டிஜிபின்னு போட்டிருக்கும், போடலைன்னா கேளுங்க, கேட்டும் சொல்லலைன்னா வேற மாடல் பாருங்க.

ராம் குறைஞ்சது 16 ஜிபி, ஆனா மைக்ரோசாஃப்டே இந்த சிமுலேட்டருக்கு ரெகமண்ட் பண்றது 32. என் ஃப்ரெண்டு வாங்குனதுல 16 ஜிபியை ஒரே ஸ்டிக்கா போட்டிருந்தாங்க, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தா ரெண்டு ஸ்லாட்ல ஒண்ணு காலி, இன்னொரு 16 வாங்கி சொருகுனதும் மும்பை மேல தாழப் பறக்குறப்ப விக்கி விக்கி வந்தது நல்லாவே குறைஞ்சுடுச்சு. சில மாடல்ல ராமை போர்டுலயே சால்டர் பண்ணிடுறாங்க, அப்புறம் ஏத்தவே முடியாது, அதை வாங்குறதுக்கு முன்னாடியே பார்த்துக்கோங்க.

செகண்டுக்கு 240 ஃப்ரேம் காட்டுற 240 ஹெர்ட்ஸ் ஸ்கிரீனுக்குன்னு தனியா காசு குடுக்காதீங்க, சிமுலேட்டர்ல 40, 50 ஃப்ரேம் ஆடாம அசையாம வந்தாலே போதும். பெரிய ஏர்போர்ட்ல இறங்குறப்ப ப்ராசஸர்தான் திணறும், அதனால ப்ராசஸர் பேர் கடைசில இருக்குற எழுத்தைப் பாருங்க, கம்மி பவர்ல ஓடுற யூ சீரிஸ் வேண்டாம், எச் இல்லைன்னா எச்எக்ஸ் எடுங்க. நெட்டும் நல்லா இருக்கணும், மேப் எல்லாம் ஸ்ட்ரீம் ஆகித்தான் வருது, 50 எம்பிபிஎஸ் ரெகமண்டட்.

கடையில அஞ்சு நிமிஷ டெமோவை நம்பாதீங்க, சூடு ஏறி ஸ்பீடு குறையுதான்னு தெரிய அரை மணி நேரமாவது ஓடணும், அந்த மாடலை அப்படி ஓட்டிக் காட்டுற ரிவ்யூவைத் தேடிப் பாருங்க. வாங்கினப்புறம் சார்ஜர் சொருகியே ஓட்டுங்க, பேட்டரில பாதி வேகம்கூட வராது. மெத்தை மேல மட்டும் வைக்காதீங்க, அடியில காத்து போற வழி அடைஞ்சுடும்.