கத்தரி கையில இருக்கிறப்போ போனை என்ன பண்றது?

வீட்டுல ப்ளவுஸ் தைக்கிற என்னை மாதிரி ஆளுகிட்ட 'போனை ஆஃப் பண்ணி வெச்சிருங்க'ன்னா நடக்காது. கழுத்து டிசைன் அனுப்புறதுல இருந்து பணம் போட்டாச்சுன்னு சொல்றது வரைக்கும் எல்லாம் வாட்ஸ்அப்புலதான்.

மிஷின் ஓட்டும்போது பாட்டு ஓடலாம், பேச்சும் ஓடலாம். தப்பாப் போனா பிரிச்சுத் தைச்சுக்கலாம். வெட்டுறது அப்படியில்ல. கைக்குழி வளைவு போடுற நேரத்துல 'டிங்'னு சத்தம் வந்தா, தையலுக்கு விடவேண்டிய அரை இஞ்ச் மறந்துபோகும். பட்டுச் சேலையோட வர்ற ப்ளவுஸ் துணி சுமார் 80 சென்டிமீட்டர்தான். கடையில போய் அதே துணியை வாங்கவும் முடியாது.

அதனால வெட்டுறதை எல்லாம் சேர்த்துக் காலையில வெச்சுக்கோங்க. அந்த நேரத்துக்குப் போன் சத்தம் போடாம இருக்க 'டூ நாட் டிஸ்டர்ப்' போடுங்க. பிள்ளையோட ஸ்கூல், அம்மா நம்பருக்கு மட்டும் ஸ்டார் போட்டு, அந்த கால் மட்டும் வர அனுமதி குடுங்க. ஆண்ட்ராய்டு போன்ல அதுலயே 'ரிப்பீட் காலர்ஸ்'னு ஒண்ணு இருக்கும். ஒரே நம்பர்ல இருந்து 15 நிமிஷத்துக்குள்ள திரும்பக் கூப்பிட்டா மணி அடிக்கும். (சில கஸ்டமருங்க இதையும் கண்டுபிடிச்சுட்டாங்க.)

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்புல, நாம இல்லாதப்போ தானாப் பதில் அனுப்புற 'அவே மெசேஜ்' இருக்கு. 'கட்டிங்ல இருக்கேன், 12 மணிக்கு மேல சொல்றேன்'னு எழுதி நேரம் குறிச்சிருங்க. நெட் இருந்தாத்தான் அந்தப் பதில் போகும். அதனால டேட்டாவை அணைக்காதீங்க, ஏரோப்ளேன் மோடும் வேண்டாம். சொந்தக்காரங்க குரூப்பை எல்லாம் 'ஆல்வேஸ்' மியூட்ல போட்டிருங்க.

இதைவிட முக்கியம், போனைத் தொடுறதுக்குக் காரணமே இல்லாமப் பண்றது. அளவு பார்க்க எடுத்தாலும் கை ரீல்ஸுக்குப் போயிரும். முதல் நாள் ராத்திரியே அளவையெல்லாம் நோட்டுல எழுதி, கழுத்து டிசைனைப் பக்கத்துலயே வரைஞ்சு வெச்சிருங்க. கணக்குப் போட கடையில விக்கிற சின்ன கால்குலேட்டர் போதும். இவ்வளவு நேரம்தான்னு ஆப்பை நிறுத்துற ஆப் டைமர்மேல எனக்குப் பெரிய நம்பிக்கை இல்ல. செட்டிங்குல போய் நாமளே நீட்டிக்கலாமே.

வெட்டின துண்டுகளைச் சுருட்டி, பேர் எழுதின சீட்டோட கட்டி வெச்சப்புறம் போனை எடுங்க.

ஆவணி முகூர்த்த நெருக்கத்துல மட்டும் இது சரிவராது. அப்போ போனை மகள் கையில குடுத்து, அவளையே பதில் சொல்ல வெச்சிருவேன்.