டென்மார்க்கின் நீலத் தட்டுகளுடன் கிறிஸ்துமஸ் மேசை அமைப்பது

கோபன்ஹேகனில் பிங் அண்ட் குரோண்டால் என்ற பீங்கான் நிறுவனம் 1895இலும், ராயல் கோபன்ஹேகன் நிறுவனம் 1908இலும் ஆண்டுக்கொரு புதிய நீலச் சித்திரத்துடன் வெளியிடத் தொடங்கிய கிறிஸ்துமஸ் ஆண்டுத் தட்டுகள், பின்புறத்தில் கயிறு கோக்கத் துளையிடப்பட்டு, சுவரில் மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஆகவே அவற்றில் உணவு பரிமாறாமல், மேசையின் அலங்காரமாக மட்டும் பயன்படுத்துங்கள்.

முதலில் வெள்ளை மேசைவிரிப்பைச் சுருக்கமின்றி விரியுங்கள். நீலச் சித்திரம் எடுப்பாகத் தெரிய வெள்ளைக்கு நிகரானது வேறில்லை. மூன்று தட்டுகளைச் சிறு தாங்கிகளில் நிறுத்தி, மேசையின் நடுவில் வரிசையாக வையுங்கள். குடும்பத்தில் குழந்தைகள் பிறந்த ஆண்டுகளின் தட்டுகள் கிடைத்தால், அவற்றையே தேர்ந்தெடுப்பது நல்லது. மெழுகுவர்த்திகளைத் தட்டுகளிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். பைன் கிளைகளும், சிவப்பு வெள்ளைக் காகிதங்களைப் பின்னிச் செய்யும் டேனிஷ் இதயங்களும் இடைவெளியை நிரப்பப் போதும். மினுங்கும் ஜரிகைத் தோரணங்கள் நீலத்தின் அமைதியைக் கெடுக்கும் என்பது என் கருத்து.

ஒவ்வொருவருக்கும் வேலைப்பாடற்ற வெள்ளைத் தட்டு ஒன்றை வைத்து, முள்கரண்டியை இடப்புறமும், வெட்டும் விளிம்பு தட்டை நோக்கியிருக்குமாறு கத்தியை வலப்புறமும் அடுக்குங்கள். டேனிஷ் வழக்கப்படி டிசம்பர் 24 இரவு விருந்தின் இறுதியில் பரிமாறப்படும் அரிசி இனிப்பில், ஒளித்து வைத்த ஒரு முழு பாதாம் கிடைத்தவருக்குத் தரும் பரிசை, நடுத் தட்டின் முன்னே வைக்கலாம்.

விருந்து முடிந்தபின் தட்டுகளை வெதுவெதுப்பான நீரில் கையால் கழுவி, இடையிடையே துணி வைத்து அடுக்குங்கள்.