வேலியைக் கீழிருந்து பாருங்கள்

திருப்பூர் மாவட்டத்தின் வெள்ளக்கோவில், மூலனூர் பக்கம் புதிதாகக் காடு, அதாவது மானாவாரி நிலம், வாங்குகிறவர்கள் கம்பி வேலி போடலாமா, கிளுவை என்னும் முள்மரத்தை நட்டு உயிர்வேலி வைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். உள்ளே எதை நிறுத்தப் போகிறீர்கள், எது உள்ளே வரக்கூடாது என்று நான் திருப்பிக் கேட்பேன். அதை யோசிக்கும் முன்பே கம்பி கட்டும் கல்லுக்காலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

மாடு வேலியை நெஞ்சால் தள்ளும், கழுத்து அரித்தால் வேலிக்காலில் வந்து உராயும். அதற்கு உறுதியான கால் வேண்டும். வெள்ளாடு முன்னங்கால் இரண்டையும் வலைமேல் வைத்து எம்பும். செம்மறி ஏறாது, ஆனால் ஒன்று நுழைந்த சந்தில் மந்தையே நுழையும். நாயும் காட்டுப்பன்றியும் மண்ணைப் பறித்துக்கொண்டு அடியில் வரும். ஆறடி உயரத்துக்குக் கம்பி கட்டிவிட்டு அடியில் முக்கால் அடி இடைவெளி விட்டிருக்கும் தோட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். உயரத்துக்குச் செலவழித்த பணத்தில் பாதியைத் தரைக்குச் செலவழித்திருக்கலாம்.

எந்த வேலியானாலும் முதலில் புலப்படத்தின் (நிலத்தின் அளவுகள் உள்ள வரைபடம்) நகலை வாங்கிக்கொண்டு, நில அளவையரை வைத்து அளந்து, எல்லைக் கற்களைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். கம்பி வேலியை எல்லையிலிருந்து அரை அடி உள்ளே தள்ளிப் போடுங்கள். கிளுவை பக்கவாட்டில் பருக்கும் என்பதால் அதற்கு இரண்டடியாவது விடவேண்டும். இரு பக்க வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையான இட்டேரியை ஒட்டிய நிலம் என்றால் வண்டித்தடத்தில் ஓர் அங்குலம்கூடக் கை வைக்காதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரரோடு மனத்தாங்கல் வந்தால் அதை எந்த வேலியும் தடுக்காது.

மேய்ச்சல் காட்டுக்கு என் ஓட்டு கிளுவைக்குத்தான். காங்கேயம் மாடுகள் பரம்பரையாக மேய்ந்து வளர்ந்த கொரங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்கள் கிளுவை வேலிக்குள் இருப்பவைதான். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ளே, சுற்றிலும் முள் நிறைந்த கிளுவை; ஆள் காவல் இல்லாமலே மாடு நிற்கும். கோடையில் இலை கொட்டி நிற்கும் வேலியிலிருந்து கட்டைவிரலைவிடச் சற்றுப் பருத்த கிளைகளைப் போத்துகளாக (நடுவதற்கான துண்டுகளாக) வெட்டி, சில நாள் நிழலில் போட்டு, மழையை ஒட்டி நட வேண்டும். ஓர் அடி ஆழத்துக்கு வாய்க்கால் பறித்து, சாணுக்கு ஒன்றாகச் சற்றே சாய்த்து நட்டு, மண்ணைக் காலால் நன்றாக மிதித்து இறுக்குங்கள். தளர்ந்த மண்ணில் ஆடும் போத்து வேர் பிடிக்காது. ஒரு சாய்வில் ஒரு வரிசை, எதிர்ச்சாய்வில் இன்னொரு வரிசை என்று பின்னல்போல் நட்டால் பிற்பாடு சந்து விழுவது குறையும்.

வேலி அடர்ந்து சந்தில்லாமல் மூட சில வருடங்கள் ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை வெளிப்பக்கம் வேலமுள்ளோ இலந்தை முள்ளோ அடைக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளாடு துளிரைக் கடித்துத் தீர்த்துவிடும். அந்த முள்ளைக் கறையான் தின்னும், வருடா வருடம் புதிதாக அடைக்க வேண்டியிருக்கும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் கம்பிக்கே போகலாம்.

கல்லுக்கால் வாங்கும்போது லாரியிலிருந்து இறக்கியதும் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். ‘டொக்’ என்று சத்தம் வந்தால் உள்ளே கீறல் இருக்கிறது. கம்பியை இழுத்துக் கட்டும்போது அந்தக் கல் சரியாகக் கீறல் வழியே ஒடியும். அதைத் திருப்பி அனுப்புங்கள், வண்டிக்காரர் முகத்தைப் பார்க்காதீர்கள். ஏழடிக் கால் என்றால் இரண்டடி மண்ணுக்குள் போகவேண்டும். பத்தடிக்கு ஒரு கால் போதும். மூலைக்காலுக்கும் கேட்டுக் காலுக்கும் மட்டும் கான்கிரீட் போட்டு, இழுவைக்கு எதிராகச் சாய்வாக ஒரு முட்டுக்கல் கொடுங்கள். மூலை அசைந்தால் வரிசை முழுவதும் தொய்ந்துவிடும்.

கம்பியில் கேஜ் எண் கூடினால் தடிமன் குறையும். 14 கேஜ் என்பதை 12-ஐவிட உறுதியானது என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. கறவை மாடு இருக்கும் இடத்தில் முள்கம்பி எனக்குப் பிடிக்காது. தாண்டப் பார்த்த மாட்டின் மடி கிழிந்தால் யாரால் ஈடு செய்ய முடியும்?

வெறிநாய்களும் தெருநாய்களும் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவது எங்கள் பக்கத்தில் பெரிய துயரம். அதற்காகக் காடு முழுவதும் வலை அடிக்க வேண்டியதில்லை. இரவு ஆடு அடையும் பட்டிக்கு மட்டும் ஐந்தடி வலைக்கம்பி போடுங்கள். கண் மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெரிய கண்ணில் கொம்புள்ள ஆடு தலையை விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் நிற்கும். வலையின் அடியை அரையடி மண்ணுக்குள் புதைத்து, வெளிப்பக்கம் பலகைக்கல் வரிசையாகப் பதித்தால் நாய் பறிக்க இடமிருக்காது. பட்டியின் வாசலை மூடும் படலுக்கு அடியில் உள்ள சந்தையும் மறக்காதீர்கள். அங்கே ஒரு கல் படி போட்டுவிடுங்கள்.

சூரிய மின்வேலி பன்றிக்கு நன்றாக வேலை செய்யும். ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை வெட்டும் துடிப்பு அது, உதைக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது கொலை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன. மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த அதே ஆண்டில் அரசு விதிகள் கொண்டுவந்தது. வனத்தை ஒட்டி நிலம் இருந்தால் கருவி வாங்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எங்கள் சரளை மண்ணில் கோடையில் எர்த் பிடிக்காது. எர்த் கம்பியை ஆழமாக இறக்கி, அவ்வப்போது அதன் அடியில் தண்ணீர் ஊற்றுங்கள். பன்றிக்கு முதல் கம்பி முழங்காலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்பதால், புல் வளர்ந்து அதைத் தொட்டால் மின்சாரம் முழுவதும் மண்ணுக்கே போய்விடும். அடியைச் சுத்தமாக வைத்திருக்க முடியாதவர் மின்வேலி போடாமல் இருப்பதே மேல்.

பராமரிப்பு என்றால் நடப்பதுதான். மழை நின்ற மறுநாள் வேலியோரமாக ஒரு சுற்று வந்தால் நீர் அரித்த பள்ளங்கள் தெரியும். கல்லும் மண்ணும் போட்டு மூடுங்கள். கம்பியில் படர்ந்த கோவைக்கொடியை அறுத்துவிடுங்கள், ஈரம் தங்கினால் துரு ஏறும். கிளுவையில் அதே கொடி இருந்தால் விட்டுவிடலாம்; கௌதாரிக்கு மறைவு, நமக்குக் கோவைக்காய். கிளுவை தலைப்பக்கம் மட்டும் ஓங்கி வளர்ந்து கீழே வெறுங்காலாக நின்றால், மேலே கழித்துவிடுங்கள், அடியில் துளிர்க்கும். கழித்த போத்துகளில் தடித்தவற்றைச் சந்து விழுந்த இடத்தில் நட்டுவிட்டு, மெலிந்தவற்றை அதன் முன்னால் முள்ளோடு சேர்த்து அடையுங்கள்.