வால்வில் ஒட்டிய கிருமி: மருந்தைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்ஆர்எஸ்ஏ போல மருந்துக்கு அடங்காத பாக்டீரியா இதய வால்வில் ஒட்டிக்கொண்டால் அங்கே ஒரு கட்டி வளரும். வெஜிடேஷன் என்பார்கள். ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினும் பிளேட்லெட்டும் பின்னிய அந்தக் கட்டியில் கிராமுக்கு 100 கோடி கிருமிகள்கூட இருக்கும். கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கக் குறைந்தது எவ்வளவு மருந்து வேண்டும் என்று பார்க்கும் ஆய்வகத்து எம்ஐசி சோதனையிலோ ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 5 லட்சம்தான். குழாயில் ஜெயித்த மருந்து வால்விலும் ஜெயிக்கும் என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. கட்டிக்குள் கிருமி மெதுவாகப் பெருகுவதால், செல்சுவர் கட்டுவதைத் தடுக்கும் வான்கோமைசினின் வேகமும் அங்கே குறைந்துவிடும்.

டாப்டோமைசின் என்றால் கால்சியத்தை மறக்காதீர்கள். வளர்ப்புத் திரவத்தில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல மருந்தே உதவாக்கரை போலத் தெரியும்.

அப்புறம் முயல் சோதனை. முயலின் உடல் பல மருந்துகளை நம்மைவிட வேகமாக வெளியேற்றும். எடைக்கு ஏற்ப மனித டோஸை அப்படியே போட்டால் போதாது. ரத்தத்தில் மருந்தின் அளவு மனிதரில் ஏறி இறங்குவதுபோல முயலிலும் ஏறி இறங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், அதிகம் ஏமாற்றுவது கடைசிக் கட்டம்தான். கட்டியை எடுத்து, அரைத்து, கிருமி வளர்க்கும் தட்டில் பரப்புகிறோம். மறுநாள் ஒரு புள்ளிகூட இல்லை. கிருமி ஒழிந்தது என்று குதிக்க வேண்டாம். அரைத்ததில் மிச்சமிருந்த மருந்தே தட்டிலும் வளர்ச்சியை அடக்கியிருக்கலாம். அதே கலவையை 10 மடங்கு, 100 மடங்கு நீர்த்தும் பரப்பிப் பாருங்கள். நீர்த்த தட்டில் முளைத்து, நீர்க்காத தட்டில் முளைக்கவில்லையா? மருந்து கூடவே வந்திருக்கிறது.

மனிதரிடம் வரும்போது, யாரிடம் சோதித்தார்கள் என்று பார்க்காமல் முடிவை இழுத்து நீட்டுகிறோம். வால்வுத் தொற்றில் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறலாம் என்று காட்டிய டென்மார்க்கின் போயட் ஆய்வில் 400 நோயாளிகள். எம்ஆர்எஸ்ஏ உள்ளவர் ஒருவரும் இல்லை.

ரத்தம் சீக்கிரம் சுத்தமானதையே வெற்றியாக எண்ணுவது இன்னொன்று. 2020-இல் வெளியான கேமரா2 ஆய்வு, ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ இருந்தவர்களிடம் நடந்தது. வழக்கமான மருந்தோடு பெனிசிலின் குடும்பத்து மருந்தான பீட்டா-லாக்டம் ஒன்றையும் சேர்த்தார்கள். 5-ஆம் நாளில் ரத்தத்தில் கிருமி நீடித்தவர்கள் 20 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தார்கள். சரி, உயிரிழப்பு? குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்போ 6 சதவீதத்திலிருந்து 23 ஆக ஏறியது; ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.