வயசு போனாப்பிறகு சித்திரம் பழகப் போறவைக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சனசமூக நிலையத்திலயோ பொதுநோக்கு மண்டபத்திலயோ சித்திர வகுப்பு நடந்தா நாப்பது வயசெண்டாலும் வெக்கப்படாமப் போய் இருங்கோ, பக்கத்தில ஓஎல் (சாதாரண தரம்) படிக்கிற பிள்ளையள் இருந்தா இன்னும் நல்லம், அவை கேக்கிற கேள்வியில உங்களுக்கும் விளங்கும். முதல் நாளே கடையில சாமான் அள்ளாதேங்கோ. 2பி பென்சில், அழிறப்பர், ஒரு கொப்பி காணும்.

வோட்டர் கலர் எண்டா காசைப் பேப்பரில போடுங்கோ, போட்டோகொப்பி அடிக்கிற 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாள் எத்தினை கிராம் எண்ட கணக்கு) தாள் தண்ணி பட்ட உடன சுருண்டிடும், 300 ஜிஎஸ்எம் தாங்கும், விலைதான், ஆனா நாலா வெட்டிப் பின்பக்கத்திலயும் கீறலாம். பேந்து எங்கட வெயிலுக்கு வானம் கீறி முடிக்க முதலே கலர் காஞ்சு கோடு விழும், அதால வெறும் தண்ணியால தாளை நனைச்சிட்டுக் கலரைப் போடுங்கோ, ஃபானையும் நிப்பாட்டிப்போட்டு. குளக்கட்டில இருந்து கீறப் போறியள் எண்டா காலமை வெள்ளன போங்கோ. தட்டில காஞ்ச வோட்டர் கலரைக் கழுவி ஊத்தாதேங்கோ, தண்ணி விட்டாத் திரும்பக் கரையும். அக்ரிலிக் கலர் அப்பிடியில்லை, காஞ்சாப் போச்சு, பிரஷை உடன கழுவோணும்.